சாதாளைத் தொட்டியும் வதனியின் வலது கையும்

ஓகஸ்ட் 3, செவ்வாய்

சோளகக் காற்றுப் பலம். வாழையிலை எல்லாம் கிழிந்து தொங்குகிறது. கிணறு இன்னும் ஒரு முழம் இறங்கிவிட்டது. துலாக்கயிற்றை நீட்டிக் கட்டினேன். மண்ணெண்ணெய் இல்லாததால் தண்ணீர்ப் பம்பு கொட்டிலுக்குள் சும்மா கிடக்கிறது. அதன்மேல் கோழிகள் படுக்கின்றன.

ஒன்பது மணிக்குக் குண்டு போடும் பொம்மர் ஒரு சுற்று. பங்கருக்குள் இறங்கி ஏறியதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. எங்கே போட்டான் என்று தெரியவில்லை. எங்கள் உரும்பிராயில் இல்லை.

இன்றைய வேலை:
மேற்குத் தோட்டத் தறை கொத்துதல் - பாதி.
துலாக்கயிறு - முடிந்தது.
பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணையிடம் மாட்டு வண்டி கேட்டல் - கேட்டாயிற்று. நாளை விடிய.

அரசாங்கம் யூரியா உரத்தைத் தடைசெய்ததில் இருந்து தோட்டம் சோர்ந்துபோய்க் கிடக்கிறது. போன போகத்து வெங்காயத்தை விற்கவே வெட்கமாக இருந்தது. என் தகப்பனார், அப்பு, இருந்த காலத்தில் கரையில் ஒதுங்கும் சாதாளையை வண்டி வண்டியாக அள்ளி வந்து தோட்டத்துக்குப் போடுவார்கள். கடற்புல்தான், ஆனால் நல்ல பசளை. யூரியா மூட்டை வந்ததும் எல்லாரும் அதை மறந்துபோனோம். ஒரே சிக்கல் உப்பு. அப்பு ஐப்பசி மழை கழுவும்வரை வேலியோரம் குவித்து வைப்பார். ஐப்பசிவரை எனக்குப் பொறுமை இல்லை. கிணற்றடித் தொட்டியில் போட்டு இரண்டு தரம் அலசினால் உப்புப் போய்விடும். மனைவி செல்லத்திடம் சொன்னேன். "நீங்கள் நினைச்சால் நினைச்சதுதானே" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மகள் வதனிக்குத் திங்கட்கிழமை ஏ.எல். சோதனை தொடங்குகிறது. முதல் நாள் விலங்கியல். இது இரண்டாந்தரம். போன முறை மருத்துவத்துக்குக் கொஞ்சப் புள்ளி போதாமல் போனது. அன்று அவள் அழவில்லை. நான்தான் மாட்டுக்கொட்டிலுக்குள் போய் நின்றேன். இந்த முறை வீட்டில் எல்லாக் கதையும் மெதுவாக. மாட்டைக்கூட அதட்ட விடுகிறாள் இல்லை செல்லம்.

நல்லூரில் திருவிழாக் கொடியேறி ஒரு கிழமைக்கு மேல். வீட்டில் மீன், மச்சம் இல்லை. சட்டி பானை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. கத்தரிக்காய், கத்தரிக்காய், பூசணிக்காய், மறுபடி கத்தரிக்காய்.


ஓகஸ்ட் 4, புதன்

நிலம் தெளிய முன்னமே வண்டி கட்டினோம். நானும் கந்தையா அண்ணையும். அரியாலைக் கரைக்குப் போய்ச்சேர வெயில் ஏறிவிட்டது. சோளகம் கடலில் இருந்ததை எல்லாம் கரையில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. வரப்புப் போலச் சாதாளை, முழங்கால் உயரம். மேலே காய்ந்தது, அடியில் ஈரம். கண்டதும் பசி மறந்துபோனது.

இடையிடையே வழுவழுவென்று கண்ணாடிச் சதை. சிலது காய்ந்து பப்படம் போலப் புல்லோடு ஒட்டிக்கிடந்தது. நூல் நூலாகவும் ஏதோ. "கணவாய்க் கழிவாக்கும்" என்றார் கந்தையா அண்ணை. நானும் ஓம் என்றேன். இரண்டு தோட்டக்காரருக்குக் கடலைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

வலை உதறிக்கொண்டிருந்த மனுசி ஒருத்தி தூரத்தில் இருந்து கத்தினாள். "உதை இப்ப அள்ளாதேங்கோ! மழை கழுவட்டும்!"

"உப்பைப் பற்றி எங்களுக்குச் சொல்லுறா" என்றேன் கந்தையா அண்ணையிடம். இரண்டு பேரும் சிரித்தோம். வண்டி நிறைய ஏற்றினோம்.

திரும்பும்போது இரண்டு மணிக்கட்டிலும் எரிச்சல். உப்பும் வெயிலும் என்று நினைத்தேன். கந்தையா அண்ணையும் முழங்கையைச் சொறிந்துகொண்டுதான் வந்தார். மாடு மட்டும் சுகமாக வந்தது.

வீட்டுக்கு வரப் பின்னேரம் மூன்று மணி. செல்லம் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.


ஓகஸ்ட் 5, வியாழன்

காற்று அதே. காலையில் தொட்டி நிறையத் தண்ணீர் இறைத்துச் சாதாளையைப் போட்டேன். அது அமிழ மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் அமத்த மற்றப் பக்கம் கிளம்புகிறது. செல்லம் சங்கக்கடைக்குப் போயிருந்தாள். வதனியைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, ஒரு அஞ்சு நிமிசம் வந்து இதை அமத்து."

புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு வந்தாள். வலது கையை முழங்கைவரை விட்டு அமத்தினாள். நான் தடியால் கிண்டினேன். அஞ்சு நிமிசம்கூட இராது.

"எரியுதப்பா."

"உப்பு. போய்க் கிணத்துத் தண்ணியிலை கழுவு."

கழுவினாள். இன்னும் எரிகிறது என்றாள். மண் போட்டுத் தேய்க்கச் சொன்னேன், தேய்த்தாள். மறுபடி கழுவினாள். இதை எல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால் இப்போது இரவுச் சாப்பாட்டுக்குக் கையால் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள்.

பின்னேரம் சாதாளையை எடுத்துத் தறையில் பரப்பினேன். தொட்டிக்குள் புதுத் தண்ணீர் விட்டேன். தொட்டியைத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். கை ஓய்ந்துவிட்டது, விட்டுவிட்டேன்.

படுக்கப் போகும்போது பார்த்தேன். வதனியின் கையில் சிவப்புத் தடிப்பு, மாலை கோர்த்தது போல வரிசையாக. அவள் ஜாம்போத்தல் விளக்குக்குக் கிட்டக் குனிந்து படித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தைப் புரட்டுவது இடது கை.


ஓகஸ்ட் 6, வெள்ளி

மோசமான நாள். வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

காலையில் வெள்ளிக்கிழமை முழுக்கு. எல்லாரும் தொட்டித் தண்ணீரில்தான். வதனி முழுகிவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் கழுத்து, தோள், இடது முழங்கை எல்லாம் சிவப்பு. வலது கையில் சின்னச் சின்னக் கொப்புளம். விரல்கள் வீங்கி, மடங்க மறுக்கின்றன. பேனையை எடுத்துப் பார்த்தாள். நழுவி விழுந்தது.

பத்து மணிக்குப் புத்தூரில் இருந்து பாக்கியம் மச்சாள் வந்தார். செல்லத்தின் தமக்கை. எங்களோடு நல்லூருக்குப் போவதாக இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினார், வதனியைப் பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார்.

"செல்லம், அம்மாள் வந்திருக்கிறா."

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் நிமிர்ந்து கதைக்கவில்லை. அம்மை என்றோ கொப்புளிப்பான் என்றோ நோயின் பெயரைச் சொல்வதுகூடக் குற்றம். அம்மாள். படலையில் வேப்பிலை கட்டியாயிற்று. வெளி ஆட்கள் வரக்கூடாது. தாளிக்கக்கூடாது. மருந்து கூடாது. எரிந்தால் வேப்பங்கொத்தைத் தண்ணீரில் தோய்த்து மெல்லத் தடவலாம். செல்லம் தொட்டியில் அள்ளிய தண்ணீரில் வேப்பங்கொத்தைத் தோய்த்து நாள் முழுக்கத் தடவுகிறாள். தடவத் தடவப் பிள்ளை பல்லைக் கடிக்கிறாள்.

"பெரியம்மா, அம்மாளெண்டால் காய்ச்சல் இருக்க வேணும். எனக்குக் காய்ச்சல் இல்லை."

"அவ வாற வழி அவவுக்குத் தெரியும். வாயைப் பொத்து பிள்ளை."

"சோதினை?"

மச்சாள் எழும்பிப் போனார். பிறகு குசினிக்குள் செல்லத்திடம் சொன்னது கேட்டது. "மூண்டு தண்ணி வார்த்த பிறகுதான் வாசலைத் தாண்டலாம். அடுத்த வருசம் எழுதட்டும். ஒரு வருசம் என்ன பெரிய வருசமே?"

செல்லம் அழுதாள். அழுதுவிட்டு என்னிடம் வந்தாள். "உங்களை ஆர் பிள்ளையைக் கூப்பிடச் சொன்னது? அம்மாள் உடம்புக்குள்ளை இருக்கேக்கை குளிர் தண்ணிக்குள்ளை கையை விடப்பண்ணி..." மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது. கோபம் வந்திருக்கும்.

எனக்குச் சாதாளை என்று ஒரு யோசனை ஓடியது. ஆனால் அப்பு வாழ்நாள் முழுக்கச் சாதாளை சுமந்தவர். ஒருநாளும் இப்படி ஒரு கொப்புளம் கண்டதில்லை. அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

இன்னொன்று. முழுகிய பிறகு என் இரண்டு மணிக்கட்டிலும் அதே தடிப்பு. பிடரியிலும். நான் முழுக்கைச் சேட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறேன். செல்லத்துக்குக் காட்டவில்லை. எனக்கும் அம்மாள் என்றால் மச்சாள் என்னையும் பாயில் போட்டுவிடுவார். பிறகு திங்கட்கிழமை பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிப் போக யார் இருக்கிறார்கள்? கூட்டிப் போவது என்று நான் முடிவெடுத்துவிட்டேன். அம்மாள் கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும்.

நல்லூர் போகவில்லை. வதனியோடு படிக்க வரும் பிள்ளை படலையடிக்கு வந்து, வேப்பிலையைக் கண்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.


ஓகஸ்ட் 7, சனி

இன்று நடந்ததை நான் இறக்கும்வரை செல்லம் சொல்லிக் காட்டப்போகிறாள். நானே முதலில் எழுதிவிடுகிறேன்.

காலையில் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். வதனி பாயில் இருந்து, பலகையை மடியில் வைத்து, இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து முதலாம் வகுப்புப் பிள்ளையுடையது போல. ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம். என்னைக் கண்டதும் தாளைக் கவிழ்த்தாள்.

"மூண்டு மணித்தியாலத்துக்குள்ளை முடிக்கேலாதப்பா. எண்டாலும் பழகிப் பாப்பம்."

சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். கோப்பாயில் சோதனை மண்டபத்துக்குப் பொறுப்பானவரைக் கண்டு, பிள்ளைக்குத் தனி அறை கேட்பதற்கு. கேட்டால் தருவார்கள் என்று கந்தையா அண்ணை வேலிக்கு மேலால் சொன்னார். சொல்லும்போதும் முழங்கையைச் சொறிந்தார். அதைப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

உரும்பிராய்ச் சந்தியில் சைக்கிள் செயின் கழன்றது. சரியாக மீன் சந்தைக்கு முன்னால். திருவிழாக் காலம், மீன் சந்தையில் ஈயும் இல்லை. பிலிப்பு மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். பாசையூர்க்காரன். மற்றக் காலத்தில் கிழமைக்கு மூன்று நாள் எங்கள் படலையடியில் மீன் பெட்டியோடு வந்து ஹோர்ன் அடிப்பவன்.

"என்னண்ணை, கொடி இறங்க முந்தி மீன் கடைக்கு வாறியள்? அக்காவுக்குத் தெரியுமோ?"

"பகிடி விடாதை பிலிப்பு. செயின்."

செயினைப் போடச் சேட்டுக் கையை மடித்தேன். அவன் சிரிப்பதை நிறுத்தினான்.

"எப்ப அண்ணை கடலுக்குப் போனனீங்கள்?"

"நான் ஏன் கடலுக்குப் போறன்?"

"பின்னை உந்தச் சொறி எங்கை கடிச்சது?"

என் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். பிறகு தன் சேட்டைத் தூக்கி விலாவைக் காட்டினான். அங்கே வெளுத்த கோடுகள், பழையவை, அதே மாலை வரிசை.

"உது சொறிமுட்டை அண்ணை. வழுவழுவெண்டு மிதக்கும், கீழை நூல் நூலாத் தொங்கும். அந்த நூல்தான் நஞ்சு. சோளகத்திலை எங்கடை வலைக்கு மீனை விட உதுதான் கூட வாறது."

நான் அந்த இடத்திலேயே, சந்தி நடுவில், எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி, சாதாளை, தொட்டி, முழுக்கு, வேப்பங்கொத்து. அவன் இரண்டு கையையும் தலையில் வைத்தான்.

"ஐயோ அண்ணை! காய்ஞ்ச சொறியும் குத்தும். கிணத்து நல்ல தண்ணி பட்டால் விசர் பிடிச்ச மாதிரிக் குத்தும். தேய்ச்சால் அதைவிட. நீங்கள் மூண்டையும் ஒண்டாச் செய்திருக்கிறியள்."

"அப்பு காலத்திலை ஒண்டும் நடக்கேல்லையே."

"அப்பு மழை கழுவ விட்டவர்தானே?"

ஓம். அப்பு மழை கழுவ விட்டவர். அந்த மனுசி கரையில் நின்று கத்தியதும் உப்புக்காக இல்லை.

பிலிப்பு சொன்ன வைத்தியத்தை அப்படியே குறிக்கிறேன், மறக்கக்கூடாது:

1. நல்ல தண்ணீர் கூடாது. கழுவ வேண்டுமென்றால் கடல் தண்ணீர்.
2. தேய்க்கக் கூடாது. மண், துணி, வேப்பங்கொத்து ஒன்றும் கூடாது.
3. வினாகிரி. தாராளமாக ஊற்றி ஊறவிட வேண்டும். ஒட்டியிருக்கிற நூல் அதோடு அடங்கும்.
4. நூல் தெரிந்தால் சாவணத்தால் எடுக்க வேண்டும். கையால் இல்லை.
5. பிறகு சூடு. பொறுக்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் கையை வைத்திருக்க வேண்டும். கொதி தண்ணீர் இல்லை. வேறு ஆள் கை வைத்துப் பார்த்த பிறகுதான்.
6. மூச்சு முட்டினால், வாந்தி எடுத்தால் ஒன்றையும் பார்க்காமல் ஆசுபத்திரிக்கு ஓட வேண்டும்.

ஆறாவதைச் சொல்லும்போது முகம் மாறினான். "வேறை ஒரு சாதி இருக்கு அண்ணை. சதுரமா, கண்ணாடி மாதிரி. தண்ணிக்குள்ளை கண்ணுக்குத் தெரியாது. அது சுத்தினால் ஆள் கரைக்கு வர முந்தி மூச்சு நிண்டுபோம். என்ரை சித்தப்பாவின்ரை மகன் அப்பிடித்தான். பிள்ளைக்குப் பட்டது அது இல்லை. ரெண்டு நாளா இருந்து படிக்கிறாள் எண்டால் பயமில்லை."

பயமில்லை என்ற சொல்லைக் கேட்டதும் சைக்கிள் பாரில் சாய்ந்து நின்றேன். பிலிப்பு மீன் பெட்டி மேல் இருந்த சாக்கை விரித்து என்னை இருத்தினான். திருநீற்றுப் பூச்சோடு, நல்லூர்த் திருவிழாக் காலத்தில், மீன் சந்தையில் குந்தியிருந்தேன். நாலு பேர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வினாகிரிக்கு எங்கே போவது? கடை மூன்றில் கேட்டேன். இல்லை. "பழங்கள்ளிலை போட்ட வினாகிரி தவறணையிலை இருக்கும்" என்றான் பிலிப்பு. ஐம்பத்திரண்டு வயதுக்குள் முதல் தடவை கள்ளுத் தவறணைக்குள் போனேன். பியர்ப் போத்தல் ஒன்றில் நிறைய ஊற்றி, வாழைச்சருகால் அடைத்துத் தந்தார்கள். போத்தலோடு வெளியே வர, எதிரே எங்கள் கோயில் மணியகாரர். என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், தவறணையைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை.

வீட்டில் பூகம்பம். மச்சாள் அடைப்பைத் திறந்து மணந்து பார்த்தார். "அம்மாள் இருக்கிற வீட்டுக்குள்ளை கள்ளோ!" செல்லம் வாயில் சேலைத் தலைப்பை வைத்தாள். நான் சேட்டைக் கழற்றினேன். மணிக்கட்டையும் பிடரியையும் காட்டினேன்.

"எனக்கும்தான். நேற்றுத் தொட்டு. உங்களுக்குச் சொல்லேல்லை. இது அம்மாள் இல்லை, சாதாளைக்குள்ளை கிடந்த சொறிமுட்டை."

செல்லம் மெல்லத் தன் விரல்களை நீட்டினாள். வேப்பங்கொத்தைத் தோய்த்த விரல்களில் அதே தடிப்பு. அவளும் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். தனக்கும் அம்மாள் என்றால் பிள்ளைக்கு யார் சமைப்பது என்று. இருபத்து மூன்று வருடம் ஒன்றாக இருந்து இரண்டு பேரும் ஒரே முட்டாள்தனத்தைச் செய்திருக்கிறோம். நேற்று ஒருத்தர் கையை மற்றவருக்குக் காட்டியிருந்தால் நேற்றே விளங்கியிருக்கும்.

அறைக்குள் இருந்து வதனி எழும்பி வந்தாள். கண் பெரிதாக.

"அப்பா, சொறிமுட்டையோ? நான் அந்த ஜெலிமீனைப் பாடமாக்கினனான். படமும் கீறினனான். கொட்டுற கலம், அதுக்குள்ளை சுருட்டி வைச்ச நூல், தொட்டால் வெளியாலை பாயும். எல்லாம் தெரியும். என்ரை கையிலை இருக்கிறது அதுதான் எண்டு மட்டும் தெரியேல்லை."

சிரித்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு.

வினாகிரியை ஊற்றினோம். முதலில் ஒரு பெரிய எரிவு, பிறகு அடங்கியது என்றாள். என் மூக்குக்கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்ததில் முழங்கைக்குக் கீழே மயிர் போல இரண்டு நூல். சாவணத்தால் எடுத்தேன். பிறகு சுடுதண்ணீர். செல்லம் தன் கையை முதலில் விட்டுப் பார்த்தாள், பிறகு பிள்ளையின் கை. கால் மணித்தியாலம் கழிய வதனி கண்ணை மூடினாள்.

"நோ போகுதம்மா."

மூன்று தரம் செய்தோம். மூன்றாம் தரம் சட்டிக்குள் வைத்த கையோடு நித்திரையாகிவிட்டாள். செல்லம் அசையாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஆறும்வரை.

தனி அறை கேட்கப் போகவில்லை. மறந்தே போனேன்.


ஓகஸ்ட் 8, ஞாயிறு

காற்றுக் கொஞ்சம் தணிவு. முகில்.

காலையில் வதனியின் விரல்கள் முக்கால்வாசி மடங்கின. புதுத் தடிப்பு இல்லை. பழையது மங்குகிறது, கடி மட்டும் இருக்கிறது. சொறியக்கூடாது என்று கையில் மெல்லிய பழஞ்சேலைத் துண்டு சுற்றியிருக்கிறாள். மத்தியானம் வலது கையால் எட்டு வரி எழுதினாள். எட்டாவது வரி சரிந்து போனது. பின்னேரம் ஒரு பக்கம். நான் தலைவாசலில் இருந்து வெற்றிலை போடும் சாட்டில் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தொட்டியை வெறுமையாக்கினேன். நாலு மூலையும் வினாகிரி விட்டுத் தும்புத்தடியால் தேய்த்தேன். அந்தத் தண்ணீரைக் கிடங்கு வெட்டி ஊற்றினேன். தறையில் பரப்பிய சாதாளையை நீளத் தடியால் இழுத்து, கை படாமல், வேலியோரம் குவித்தேன். ஐப்பசி மழை கழுவட்டும். கந்தையா அண்ணைக்கும் அரைப் போத்தல் வினாகிரி கொடுத்தேன். "நான் கள்ளெண்டு நினைச்சன்" என்றார் ஏமாற்றத்தோடு.

மச்சாள் தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மாள்தான் மீன்காரன்ரை வாயாலை சொன்னவ" என்கிறார். அப்படியே இருக்கட்டும். படலையில் கட்டிய வேப்பிலையை அவரே அவிழ்த்தார். அவிழ்த்துவிட்டு வதனியின் நெற்றியில் திருநீறு பூசி, கன்னத்தில் கை வைத்தார். "வடிவா எழுது பிள்ளை" என்றார். நல்ல மனுசி. வாய்தான்.

செல்லம் என்னோடு கதைக்கிறாள். காலையில் தேத்தண்ணீர் தந்தபோது சீனியும் போட்டிருந்தாள். கடைசியாக வீட்டில் இருந்த சீனி.

நான் அவளிடம் சொன்னேன். "நான் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கக் கூடாது."

"ஓம்" என்றாள். பிறகு, "நானும் தடவியிருக்கக் கூடாது" என்றாள்.

நாளைக்கு வேண்டியவை:
பேனை இரண்டு, நீலம். கம்பாசுப் பெட்டி. அடையாள அட்டை. சின்னப் போத்தலில் வினாகிரி, தேவைப்படாது, இருந்தாலும். சைக்கிள் ரியூப்புக்குக் காற்று. செயினுக்கு எண்ணெய், தேங்காயெண்ணெய்தான் இருக்கிறது.


ஓகஸ்ட் 9, திங்கள்

வானம் வெளித்திருந்தது. பொம்மர் வரக்கூடாது என்று நேர்ந்துகொண்டே பிள்ளையை ஏற்றிச் சைக்கிள் ஓடினேன். வரவில்லை.

ஏழரைக்குக் கோப்பாய். வாசலில் பிள்ளைகள் கூட்டம், ஒவ்வொருத்தர் கையிலும் கடைசி நேரக் கொப்பி. "தவளையின்ரை இதயம் எத்தினை அறை?" "மூண்டு, மூண்டு." வதனி துணிச் சுற்றைக் கழற்றி என்னிடம் தந்தாள். கையைத் திருப்பிக் காட்டினாள். கோடுகள் இருக்கின்றன, வீக்கம் இல்லை. "போட்டு வாறன் அப்பா." உள்ளே போய்விட்டாள்.

வேப்பமரத்தடியில் மற்றத் தகப்பன்மாரோடு இருந்தேன். கதைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒருவர் யூரியா எப்போது வரும் என்றார். இன்னொருவர் தன் மகனுக்குக் காலையில் வயிற்றோட்டம் என்றார். வெயில் ஏறியது. விசிறிக்கொள்ள வதனி தந்துவிட்டுப் போன பைலில் இருந்து ஒரு தாளை உருவினேன்.

சனிக்கிழமை எழுதிய தாள். இடது கை எழுத்து. விலங்கியல் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ஒரே வரி, மேலிருந்து கீழ்வரை, பதினொரு தரம். முதலாவது கோணலும் குறுக்குமாக, கடைசி வாசிக்கக்கூடியதாக:

அப்பா கூப்பிட்டதால் இல்லை.

செல்லம் என்னை ஏசியது அறைக்குள் கேட்டிருக்கிறது. இடது கையால் எழுதிப் பழக அவளுக்குக் கிடைத்த வசனம் இது. தாளை மடித்து மடிக்குள் வைத்தேன். விசிறுவதற்குச் சால்வைத் தலைப்பு போதும். பக்கத்தில் இருந்தவர், "என்ன அண்ணை, தூசியோ?" என்றார். ஓம் என்றேன்.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். சிலர் அழுதுகொண்டு, சிலர் சண்டை பிடித்துக்கொண்டு. வதனி கடைசியாக வந்தாள். நடுவிரலில் நீல மை.

"முடிச்சனியோ?"

"முடிச்சன்."

"முழுக்க?"

"முழுக்க. ரெண்டு தரம் வாசிச்சும் பாத்தன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஐஞ்சாவது கேள்வி என்ன தெரியுமே? சொறிமுட்டை. படம் கீறி விளக்குக."

"மெய்யே!" கத்திவிட்டேன். தகப்பன்மார் எல்லாரும் திரும்பினார்கள்.

"இல்லை. தவளை."

அடிக்கக் கை ஓங்கினேன், சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளாக அடக்கி வைத்த சிரிப்பு, கண்ணிலும் வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு சைக்கிள் ஹாண்டிலை வலது கையால் பிடித்தாள். இறுக்கிப் பிடித்து பிரேக்கை இரண்டு தரம் அமத்திப் பார்த்தாள்.

"உங்களுக்கு முழங்கால் நோவெல்லோ. நான் ஓடுறன். நீங்கள் பின்னாலை ஏறுங்கோ."

உரும்பிராய்ச் சந்தியில் பிலிப்பு எங்களைக் கண்டு ஹோர்னை அடி அடி என்று அடித்தான். வதனி வலது கையை ஹாண்டிலில் இருந்து எடுத்து ஆட்டினாள். நான் கரியரில் இருந்து, சைக்கிள் சரியப்போகிறது என்று கத்தினேன். சரியவில்லை.